முப்பத்துமூன்று சுற்றில் பெண் பார்த்தது

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்வதாகத்தான் இருந்தேன். என் மனைவி றீட்டா அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆகவே என் வலது கையை என் இடது கையின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இரண்டையும் சற்றுமுன்தான் கழுவினேன்.

சங்கதி என் தங்கச்சி மகன் றொபின்சனுடையது. முப்பத்துநான்கு வயது. நமுனுகுலவில் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். வெலிமடையில் கேஷானி என்றொரு பிள்ளை இருப்பதாகச் சொல்லிப் படம் வந்தது. படத்தைப் பார்த்த நாளிலிருந்து பையன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்க இரண்டு முறை புறப்பட்டான். முதல் முறை அவன் பைக் பண்டாரவளையில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை தெமோதரையைத் தாண்டவில்லை.

பெண்ணின் தகப்பன் ஞானசீலன் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிர் செய்கிறவர். மணிக்கூட்டைப் பார்த்துத் தும்முகிற மனிதர். அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்:

"வர்ற ஞாயித்துக்கெழம பதினோரு மணி. பதினொன்னுக்கு மாப்ள என் வீட்டுக்குள்ள கதிரையில உக்காந்திருக்கணும். இல்லாட்டி வேற எடத்துக்குப் பேசி முடிச்சிருவேன். பதுளையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க கார்ல வருவாங்க."

றொபின்சன் என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, இந்தத் தடவையும் நடுரோட்டுல நின்னுச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேன்."

"பூசை வைக்கவும் நேரத்துக்குப் போகணும்டா," என்றாள் றீட்டா குசினியிலிருந்து.

வண்டிக்கு என்ன நோய் என்று பார்த்தேன். ஒயில் அளவு பார்க்கும் மூடியைக் கழற்றினேன். அதில் ஒட்டியிருந்தது தார். கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் ஒயில் மாற்றினாய் என்று கேட்டால், கணக்கு வாத்தியார் கூரையைப் பார்க்கிறான்.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டவன் நான். ஒயில் விஷயத்தில் இந்தத் தோட்டத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மறுபேச்சுப் பேச ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சனிக்கிழமை காலை பதுளையில் மபாஸின் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். பைக்கின் பெயரைச் சொன்னதும் மபாஸ் ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இருபது டபிள்யூ நாப்பது. பைக்குக்குன்னே செஞ்ச ஒயில். கண்ண மூடிக்கிட்டு ஊத்துங்க, ஐயா."

"இதவிட நல்லது இருக்கா?"

"உங்க வண்டிக்கு இதான் நல்லது."

"இதவிட வழுக்குறது?"

மபாஸ் பெருமூச்சு விட்டார். "ஐயா, பைக்குல கிளச்சும் இதே ஒயில்லதான் குளிக்கிது. அளவுக்கு மேல வழுக்குறத ஊத்துனா கிளச் பிடிக்காது. அதுக்குத்தான் கார் ஒயில் ஊத்த வேணாங்கிறது."

"தம்பி, நீ பொறக்குறதுக்கு முந்தியே நான் தேயில அரைக்கிற ரோலருக்கு ஒயில் விட்டவன்."

"ரோலர் எங்கயும் போகத் தேவல்லையே, ஐயா. நின்ன எடத்துலதான சுத்துது."

நான் மேல்தட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு டின்னைத் தும்புக்கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிச் சுவரில் அறைந்த ஆணியோடு கட்டியிருந்தார்கள். கட்டாவிட்டால் அது தானாக வழுக்கி இறங்கித் தெருவுக்குப் போய்விடுமாம். டின்னில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக வழுக்கித் தட்டில் விழுந்துவிட்டது என்று மபாஸ் சொன்னார். விழுந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகையால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தேன். என் கல்யாண மோதிரம் கழன்று கடை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வருடம் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத மோதிரம். துரத்திப் பிடித்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "இதுதான் ஒயில்," என்றேன்.

"நான் வேணாம்னு சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க," என்றார் மபாஸ். சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரம் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, அடியில் ஒரு பேசினை வைத்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் ஒயில் வடிக்கிற நட்டைக் கழற்றினேன். பழைய ஒயில் வெளியே வருவதா வேண்டாமா என்று கால் மணித்தியாலம் யோசித்தது.

"இந்தாங்க, அது என்ன பேசின்?" என்றாள் றீட்டா.

"பழைய பேசின்."

"நேத்துத்தான் வாங்குனேன்."

"நேத்து நேத்துதான். இப்ப பழசு."

நட்டை இறுக்கிவிட்டுப் புதிய ஒயிலை ஊற்றினேன். ஊற்றினேன் என்பதுகூடச் சரியில்லை. நான் டின்னைச் சாய்ப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து எட்டரைக்குப் புறப்பட்டோம். றொபின்சன் ஓட்டினான், நான் பின்னால். ஒரே உதையில் எஞ்சின் ஓடியது. சத்தமே இல்லை. வண்டி போவது மரங்கள் பின்னால் போவதை வைத்துத்தான் தெரிந்தது.

பண்டாரவளையில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று றொபின்சன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நிற்கவில்லை. சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அப்போதும் நிற்கவில்லை. பிரேக்கைப் பிடித்தான், அங்கேயும் ஒயில் போய்ச் சேர்ந்திருந்தது. கியரை நியூட்ரலில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது. கிளச் பிடிக்காது என்றுதான் மபாஸ் சொல்லியிருந்தார். விடாது என்று சொல்லவில்லை. நான் யோசித்துப் பார்த்ததில் காரணம் விளங்கியது. உள்ளே எதுவும் எதோடும் உரசவில்லை. உரசாத சாமான் ஒரு தடவை சுற்றத் தொடங்கினால் நிற்பதற்கு அதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை.

சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். எங்களால் நிற்க முடியாது என்பதைக் கண்டு, அவர் கூடவே ஓடிவந்து லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர். வெலிமடை வீதியில் அரை மைல் ஓடியிருப்பார்.

பத்து இருபதுக்கு ஞானசீலன் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தோம். வீட்டுக்கு முன்னால் அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தி. பாத்தியைச் சுற்றி வண்டிப் பாதை. வேறு போக்கிடம் இல்லாததால் றொபின்சன் அதைச் சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்றுக்கு எழுபது விநாடி.

"வணக்கங்க! வந்துட்டோம்!" என்றேன் முதல் சுற்றில்.

ஞானசீலன் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "பத்து இருவது. நல்லது. எறங்குங்க."

"எறங்க முடியல!" இது இரண்டாம் சுற்று.

"ஏன்?" மூன்றாம் சுற்று.

"வண்டி நிக்கல!"

அவர் அடுத்த சுற்று வரும்வரை யோசித்தார். "போன ரெண்டு தடவையும் வண்டி நின்னுருச்சுன்னு வரல. இப்ப வண்டி நிக்கலன்னு எறங்க மாட்டேங்கிறீங்க. என்ன குடும்பமய்யா இது?"

குதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குதித்தால் வண்டி பாத்திக்குள் போகும். கிழங்குச் செடி பூத்து நின்ற நேரம். பாத்தியை நாசமாக்கியவனுக்கு அந்த மனிதர் கோழிக்குஞ்சுகூடக் கொடுக்க மாட்டார்.

நேரத்தை வீணாக்குவதும் அவருக்குப் பிடிக்காது. எனவே விசாரிக்க வேண்டியதை அப்படியே விசாரித்தார்.

"மாப்ள என்ன படிப்பிக்கிறாரு?"

"கணக்கு!" என்றான் றொபின்சன்.

"இப்ப எத்தனையாவது சுத்து?"

"பதினாலு!"

"சரிதான்," என்றார் ஞானசீலன். அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினைந்தாம் சுற்றில் கேஷானி தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள். பதினாறில் நாங்கள் கோப்பையை எடுத்தோம். பதினெட்டில் வெறுங்கோப்பையைத் தட்டில் வைத்தோம். "சீனி போதுமா?" என்று கேட்டாள். "போதும்," என்று றொபின்சன் பத்தொன்பதில் சொன்னான். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. படத்தைவிட நேரில் அழகு என்று அவன் என்னிடம் முணுமுணுத்தது இருபதாவது சுற்றில்.

அந்தப் பிள்ளை தட்டை வைத்துவிட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பனின் கை டிரக்டரை ஓட்டுவதும் பராமரிப்பதும் அவள்தானாம்.

"என்ன ஒயில் ஊத்துனீங்க?"

"நல்ல ஒயில்!" என்றேன்.

"நம்பர் என்ன?"

"நம்பர் வழுக்கி விழுந்துருச்சும்மா!"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்குள் போய்ப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு வந்தாள். வண்டிப் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, ஆழமான வாய்க்கால்போல் ஒரு தண்ணீர்க் கான் போனது. அதன் மேல் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். பலகைகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கானுக்குள் இறங்கினாள்.

"புதுச் சாரி, மக!" என்று கத்தினார் ஞானசீலன்.

"மாப்ளயும் புதுசுதானப்பா!"

றொபின்சன் முன்சக்கரத்தை ஒரு பலகையில் ஏற்றி, நூல் பிடித்ததுபோல் இடைவெளியின் ஓரமாகவே ஓட்டினான். நாங்கள் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் அவள் கையை நீட்டி நட்டை ஒரு திருகு திருகினாள். ஒரு சுற்றுக்கு ஒரு திருகு. நான் முதல்நாள் பத்துத் திருகு இறுக்கியிருந்தேன். இருபத்துமூன்றாம் சுற்றில் தொடங்கினாள். இருபத்தொன்பதாம் சுற்றில் ஞானசீலன் போனைக் கையில் எடுத்தார். முப்பத்தோராம் சுற்றில் பதுளைக்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னும் மணி அடிக்கல!" என்று கானுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் நம்பரத்தான் பாக்குறேன், அடிக்கலம்மா!"

முப்பத்திரண்டில் பத்தாவது திருகு. நட்டு கழன்றது. ஒரு லீற்றர் ஒயிலும் ஒரே மூச்சில் பாதையில் இறங்கியது. அடுத்த சுற்றில் அதன் மேல் வந்த சக்கரம் வழுக்க, எஞ்சின் ஒரு விக்கலோடு நின்றது. வண்டி சாய்ந்தது. நான் கானுக்குள் விழுந்தேன். றொபின்சன் மட்டும் நிற்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒயிலின் மேல் வழுக்கி, முற்றத்தைத் தாண்டி, மூன்று படியும் ஏறி, முன்கதவால் உள்ளே போய், கதிரையில் உட்கார்ந்தான். 

ஞானசீலன் மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினொன்னுக்கு ஒன்னர நிமிசம் இருக்கு," என்றார். போனைப் பையில் போட்டார்.

கேஷானி முகமெல்லாம் ஒயிலும் சேறுமாக வந்து வாசலில் நின்றாள். தகப்பன், "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

"பலகை தப்பாம பத்துத் தடவ ஓட்டுனாருப்பா. ஆள் சரி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒன்னு. இனிமே இவரு பைக்குக்கு ஒயில் நான்தான் வாங்குவேன். மாமா கிட்ட வரப்படாது."

"சரி," என்றான் றொபின்சன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் டிரக்டர் கொட்டிலுக்குப் போய் ஒரு போத்தல் எடுத்து வந்தாள். இருபது டபிள்யூ நாற்பது. அளவு பார்த்து ஊற்றி, நட்டைத் துணியால் துடைத்துப் பூட்டினாள். வீடு திரும்பும் வழியில் வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது, போகச் சொன்னால் போனது. எனக்கு அதில் ஒரு சுவாரசியமும் இருக்கவில்லை.

ஒயில் இறங்கிய பக்கத்துப் பாத்தியில் அந்தப் போகம் ஞானசீலன் மண்வெட்டி எடுக்கவில்லை. செடியைப் பிடித்ததும் கிழங்கு தானாக வெளியே வந்ததாம், தோலும் இல்லாமல். கல்யாணம் தை மாதத்தில் பண்டாரவளைக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தான். 

பெண் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை 2022 ஜூலை மூன்றாம் திகதி. நாட்டில் பைக்குகளுக்குப் பெட்ரோலே கொடுக்காத வாரம் என்பதால் நாங்கள் வெலிமடைக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தோம்.