சனிக்கிழமை ஏழு மணிக்குள் ஒரு மட்டை

இன்னும் முப்பத்தெட்டு மணித்தியாலம் இருந்தது. வியாழன் மாலை ஐந்து மணி. சனி காலை ஏழு மணிக்குத் தோட்டத்துத் துரை கோல்ப் விளையாடப் புறப்படுவார். அதற்குள் உடைந்த மட்டை முழுசாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் துரையின் மட்டைப் பையைச் சுமக்கும் கறுப்பையாவின் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

செவ்வாய்க்கிழமை பங்களாப் படியில் வழுக்கிப் பையோடு விழுந்ததைக் கறுப்பையாவே ஒப்புக்கொண்டான். பையைத் திறந்தபோது ஒரு மட்டையின் காம்பு, தலைக்கு மூன்று விரல்கட்டை மேலே, சாய்வாக உடைந்து கிடந்தது. தோட்டத்துக் கிளாக்கர் வில்பிரட் தானாகவே முன்வந்து, துரையிடம், "நான் ஒட்டிக் குடுக்கிறேன் சேர்" என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இரண்டு நாளாக அவருடைய நல்ல மனசைப் பற்றித்தான் பேச்சு. அது காதில் விழும்போதெல்லாம் அவர் மனைவி பெற்றீசியா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டிய ஒன்று அவளிடம் இருந்தது. கலியாணமாகி ஐந்து மாதம். பிறர் முன்னால் அவரை மறுத்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வில்பிரட், மாட்டுத்தோலில் காய்ச்சிய வச்சிரப் பசைக் கட்டியை டப்பாவில் போட்டு நேரே நெருப்பில் ஏற்றினார். தோல் கருகும் நாற்றம் வீட்டை நிறைத்தது.

"இங்க பாருங்க, கொதிச்சா பசை செத்துரும். டப்பாவச் சுடுதண்ணிக்குள்ள வைங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ நூலுக்கு மெழுகு தேய்."

அவள் தேய்த்துக் கொடுத்தாள். அவர் பசை தடவி, பொருத்தி, நூலை இறுக்கிச் சுற்றினார். வெளியே மூடுபனி. சுவரெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் வச்சிரம் காய ஒரு முழு நாள் வேண்டும். அவரோ மணிக்கொரு தரம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"தொடாதீங்க, நகந்துரும்."

"உன் வாய் கொஞ்சம் சும்மா இருக்காதா?"

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவர் ஆபிசிலிருந்து வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மட்டையை முற்றத்துக்கு எடுத்துப்போய் ஒரே ஒரு வீச்சு வீசினார். தலை மட்டும் பறந்துபோய் கோவா நட்டிருந்த காய்கறிப் பாத்தியில் விழுந்தது. கையில் வெறும் காம்பு.

மிச்சம் பதினாலரை மணித்தியாலம். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் பசை காயாது.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பையா படியேறி வந்தான். கையில் பட்டை சீவிய ஒரு கம்பு.

"கிளாக்கரய்யா, கொய்யாக் கம்பு. வளையும், ஒடியாது. இதச் சொருகிப் பாப்பமா? ஒரு சின்னப் பந்த அடிக்கத் தொரைக்கு ஒம்பது கம்பு. நாங்க ஒத்தக் கம்புல அம்புட்டு மாட்டையும் மேய்க்கிறோம்!" சிரித்துக்கொண்டே நீட்டினான்.

வில்பிரட் அதைப் பிடுங்கி எறிந்தார். "விளையாட்டா இருக்கா உனக்கு? ஒழுங்காப் படியேறத் தெரிஞ்சிருந்தா எனக்கு ஏன்டா இந்தத் தலையெழுத்து? உடைக்கிறது நீ, உசிர விடுறது நானா?"

கறுப்பையாவின் சிரிப்பு நின்றது. "தப்புதாங்கய்யா. காலையில தொரை கால்ல விழுந்து கேட்டுப் பாக்கிறேன். புள்ளைக்குக் காய்ச்சல். காம்பராவ மட்டும் விட்டுட்டாப் போதும்."

குனிந்து கம்பைப் பொறுக்கினான். வில்பிரட் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று பெற்றீசியா காத்திருந்தாள். கறுப்பையா திரும்பி இரண்டு படி இறங்கிவிட்டான்.

"கறுப்பையா, நில்லு."

பெற்றீசியா முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

"நீ உடைக்கல. நீ விழுறதுக்கு முந்தியே அது உடஞ்சிருச்சு. தொரையோட பை ஆபிசுல இருந்தப்ப, பின்னால கொண்டுபோய் ஆசைக்கு ஒரு வீச்சு வீசிக் கல்லுல அடிச்சு உடைச்சிட்டு, திரும்பப் பையில வச்சது இவருதான். சோறு கொண்டுபோனப்ப என் கண்ணால பாத்தேன்."