அசலுக்கு எத்தனை வோல்ட்

பெங்களூரு பின்பால் பாரம்பரியப் பேரவையில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள், மீதி இரண்டு பேர் சிறப்பு அழைப்பாளர்கள். வெறும் உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாத அந்தச் சபையில், வெறும் உறுப்பினராக ஆகிவிட்டால் போதும் என்று துடித்தவள் மர்பி டவுன் வீணா ஒருத்திதான்.

சிவாஜிநகர் மார்க்கெட்டில் வீணா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தராசு அக்கா என்று கேட்க வேண்டும். கறிக்கடை, மீன்கடை, வெங்காய மண்டி எலெக்ட்ரானிக் தராசுகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். தராசில் தெரியும் ஒவ்வோர் எண்ணும் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது. ஒரு கோடு செத்தால் எட்டு ஆறாகும், இன்னொன்று செத்தால் ஆறு ஐந்தாகும், அதற்குள் வாங்க வந்தவர் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருப்பார். செத்த கோட்டை எழுப்புவது வீணாவுக்குப் பதினாறு வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய மனமகிழ் மன்றத்தார், "எண்ணெல்லாம் நடுங்குது, வந்து பாருங்க" என்று அவளைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அங்கே நின்றது தராசு இல்லை. கால் முளைத்த ஒரு சரிந்த மேஜை. மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் உள்ளே இரண்டு குட்டி மட்டைகள் துள்ளிக் குண்டை மேலே விரட்டும். குண்டு மோதிய இடமெல்லாம் மணி அடிக்கும், புள்ளி ஏறும். தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் நான்கு ஆட்டக்காரர்களுக்கு நான்கு எண்பலகைகள். 1980-இல் அமெரிக்காவில் செய்த பின்பால் மெஷின். அன்றைக்கு எதையோ ஒட்டி எரியவைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆட்டம் ஆடினாள். சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க இன்னொன்று. ஏழாவது தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து கதவைச் சாத்த வேண்டும் என்றார்.

அந்த மன்றம் மூடப்பட்டபோது மெஷினை எடைக்குப் போட்டார்கள். நூற்று இருபத்தெட்டு கிலோ. எடை சரியாகத்தான் இருந்திருக்கும், தராசு அவள் பழுது பார்த்தது. கணவன் நாகேஷின் டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கட்டிலைச் சமையலறை வாசலுக்கு நகர்த்தினார்கள்.

தனியாக ஆடி அலுத்த பிறகுதான் பேரவையைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அங்கே மாதா மாதம் போட்டி நடக்கிறதாம். தலைவர் கிஷோருக்கு வாட்ஸாப்பில் எழுதினாள். கிஷோர் ஒரு மென்பொருள் கம்பெனியில் துணைத் தலைவர். அந்தக் கம்பெனியில் நாற்பது துணைத் தலைவர்கள் இருப்பதால், எதற்காவது முழுத் தலைவராக இருந்து பார்ப்போமே என்று இந்தப் பேரவையைத் தொடங்கியவர். பதில் உடனே வந்தது: "பழுது பார்ப்பவர்கள் உறுப்பினராக வேண்டியதில்லை. சேவையாளர் பட்டியலில் சேர்த்துள்ளோம்." பட்டியலில் அவள் மூன்றாவது. அவளுக்கு மேலே கரையான் மருந்து அடிப்பவர்.

"என்கிட்டயும் மெஷின் இருக்குது சார். நான் ஆடறதுக்குக் கேக்கறேன்" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

அதற்கு நான்கு பக்க விதிமுறை வந்தது. அசல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கே அனுமதி. எண்பலகைகள் அந்தக் காலத்து வாயுக் குழாய்களாகவே இருக்க வேண்டும், அதாவது தட்டையான கண்ணாடிக்குள் அடைத்த வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். அதைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து எல்.இ.டி. வைத்த மெஷின், தலைவரின் சொற்களில், பல்செட் கட்டிய சிங்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வு. தேறினால் அன்றைக்கே ஆட்டம். தேறாவிட்டால் கரையானுக்குக் கீழேயே இருக்க வேண்டியதுதான்.

ஆய்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது வீணாவின் மெஷினில் மணி அடித்தது, மட்டை துள்ளியது, எண்பலகை நான்கும் இருட்டாகக் கிடந்தன.

அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தையே தொடங்கினாள். முதல் பலகையைக் கழற்றி நான்காவது இடத்தில் மாட்டினாள், நான்காவதை முதல் இடத்தில். நோய் பலகையோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எதை எங்கே மாட்டினாலும் எல்லாம் ஒரே மாதிரி செத்துக் கிடந்தன. வீணா சிரித்தாள்.

"நாலும் செத்துப் போச்சுன்றே, சிரிக்கிறே?" என்றான் நாகேஷ்.

"நாலு பேருக்கும் ஒண்ணா உசுரு போவாதுய்யா. சோறு போடற எடத்துலதான் கோளாறு."

சோறு போடும் இடம் கீழே ஒரு சின்னச் சர்க்யூட். குழாய்க்கு நூற்றெண்பது வோல்ட் தர வேண்டியது, மீட்டரில் தொண்ணூற்றாறு காட்டியது. ஒரு கெப்பாசிட்டர் அடிப்பக்கம் கசிந்து ஒட்டியிருந்தது. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடி, புதிதாக வாங்கிவந்து பற்றவைத்து, ஸ்விட்சைப் போட்டாள். மூன்று பலகைகள் பிடித்துக்கொண்டன. இரண்டாவது மட்டும் முறைத்தது. அதைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்களின் அடியில் பழைய ஈயம் முடிபோல வட்டமாக வெடித்திருந்தது. ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டினாள். நடுவில் ஒரு தடவை நூற்றெண்பது வோல்ட் அவளை நேரில் சந்தித்தது. கட்டில்மேல் போய் உட்கார்ந்தவள், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து வந்தாள்.

மறுபடி ஸ்விட்ச். நான்கும் எரிந்தன. அடுப்புக் கரியை ஊதும்போது ஒரு நிறம் வருமே, அந்த நிறம். ஒவ்வொரு கோடும் கத்தியால் கீறியதுபோல் நின்றது. சுவரில் மாட்டிய காலண்டரின் தேதி அந்த வெளிச்சத்தில் படிக்கக் கிடைத்தது.

"ஏ வீணா" என்றான் நாகேஷ். பத்து நிமிடம் கழித்து, "டெம்போவுக்கு மெத்தை போட்டுரலாம், குலுங்கக் கூடாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டில் கிஷோரின் அடுக்குமாடிக் குடியிருப்பு மன்றக் கூடத்தில் மெஷினை இறக்கினார்கள். பேரவை முழுவதும் கூடியிருந்தது. கிஷோர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். எதையும் அவர் தொடப்போவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தரையில் ஒட்டிய நாடாவுக்குப் பின்னால், ஏழடி தூரத்தில் நின்று கைகட்டிப் பார்த்தார்.

வீணா ஸ்விட்சைப் போட்டாள். நான்கு பலகைகளும் பளீரென்று எரிந்தன.

"கண்ணு கூசுது" என்றார் கிஷோர். பிறகு நிர்வாகிகள் பக்கம் திரும்பி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "எல்.இ.டி."

மற்ற எட்டுத் தலைகளும் ஆடின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்த எண்பலகைகள் எல்லாம் நாற்பது வருடம் உழைத்துக் களைத்துச் சாகக் கிடந்தவை. ஆரோக்கியமான ஒன்றை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை.

"ஒரிஜினல் சார்" என்றாள் வீணா. "கெப்பாசிட்டர் ஒண்ணு மாத்தினேன், ஈயம் போட்டேன், அவ்ளோதான். பின்னாடி தெறந்து காட்டறேன், கண்ணாடிக் கொழாயைப் பாருங்க."

"திறக்கக் கூடாதும்மா. பாரம்பரியத்தை உணரணும், நோண்டக் கூடாது. விதி ஒன்பது."

"வாயைத் தெறக்காமலே பல்செட்டுன்னு சொல்லுவீங்களா சார்?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மதிப்பெண் செயலாளர் கிளாரன்ஸ். குக் டவுனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பேரவையில் ஆட்டத்துக்காக வருபவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள்.

"நான் பத்து வருஷமா இதைப் பாக்கறேன் வீணா" என்றார் கிஷோர். "அசலுக்கு ஒரு அடக்கம் இருக்கும். அதோ பாருங்க."

கூடத்தின் அந்தப் பக்கம் அவருடைய மெஷின். எண்கள் பழுப்பேறி, விட்டுவிட்டு நடுங்கின. தராசாக இருந்திருந்தால் வீணா அதைப் பார்த்த மாத்திரத்தில் மேஜைமேல் கவிழ்த்திருப்பாள். அடக்கம் என்று இவர் சொல்வது நோயை. அது புரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"ஒரு ஒயர் லூசா இருக்குது சார். பத்து நிமிஷம் குடுங்க."

"தாராளமா. அதுவரைக்கும் அசல்னா என்னங்கறதைப் பத்தி நான் கொஞ்சம் பேசறேன்" என்று கிஷோர் திரையில் படங்களைப் போட்டார்.

அவர் பேசிய பத்து நிமிடமும் அசல் அவருக்குப் பின்னாலேயே திறந்து கிடந்தது. நான்கு கண்ணாடிக் குழாய்களும் எல்லோர் பார்வைக்கும் தெரிந்தன. எல்லோரும் திரையில் தெரிந்த கண்ணாடிக் குழாயின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சர்க்யூட்டில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க மிளகு அளவில் ஒரு திருகு உண்டு. வீணா அதை இடப்பக்கம் திருப்பினாள். நூற்றெண்பது, நூற்றறுபத்தைந்து, நூற்றைம்பது. எண்கள் வெளிறின. நடுங்கத் தொடங்கின.

"நல்லா இருக்கறதை இன்னாத்துக்குக் கெடுக்கறே?" என்றான் நாகேஷ், காதோரம்.

"பாஸ் ஆவறதுக்கு."

பதினாறு வருடத்தில் ஓர் எண்பலகையை அவள் வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை. விரல் கூசியது. பெட்டியை மூடினாள்.

கிஷோர் நாடாவுக்குப் பின்னால் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதான். இந்த நடுக்கம். இதை எந்த எல்.இ.டி.யும் தர முடியாது. அதை எடுத்துட்டு ஒரிஜினலை மாட்டினதுக்கு நன்றிம்மா."

"பத்தே நிமிஷத்துல மாட்டிட்டேன் சார்" என்றாள் வீணா.

மெஷின் தேறியது. புது மெஷினில் முதல் ஆட்டம் தலைவருக்கும் புது உறுப்பினருக்கும் என்பது வழக்கம். ஆளுக்கு மூன்று குண்டு, மாறி மாறி, தலைவர் முதலில். வீணா பொத்தானில் கைவைத்தாள். முதல் குண்டைப் படபடப்பிலேயே விட்டாள். இரண்டாவது கொஞ்சம் நின்றது. பலகையில் 61,450.

கிஷோருக்கோ அன்றைக்கு எங்கிருந்தோ கை வந்திருந்தது. மூன்றாவது குண்டு அவருடைய மட்டையை விட்டுக் கீழே இறங்க மறுத்தது. மணி இடைவிடாமல் அடித்தது. கையுறையைக் கழற்றி எறிந்தார். சட்டை வெளியே வந்தது. பேரவையே நாடாவைத் தாண்டி வந்து மெஷினைச் சூழ்ந்துகொண்டது. வீணாவும் அவர் தன் எதிராளி என்பதை மறந்து, "இடது, இடது, விடாதீங்க சார்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் குண்டு நடுவில் நழுவி விழுந்தபோது கிஷோர் குளித்தெழுந்தவர்போல் நின்றார்.

எல்லோரும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். 12,380.

கிளாரன்ஸ் நோட்டில் எழுதினார். "பன்னெண்டாயிரத்து முந்நூத்தி எண்பது. வீணாம்மா ஏற்கெனவே முன்னாடி இருக்காங்க."

இரண்டு பேர் வீணாவுக்குக் கைதட்டினார்கள்.

"நாலு லட்சம்" என்றார் கிஷோர். "முன்னாடி நாலு இருக்கு. தெரியலையா?"

"காணோமே தம்பி."

காணத்தான் இல்லை. நூற்றைம்பது வோல்ட்டில் இடப்பக்கத்து முதல் எண்ணுக்குப் பற்றிக்கொள்ளத் தெம்பு இல்லை. வீணாவுக்குத் தெரியும். மணியை எண்ணியிருந்தாள், நாலு லட்சம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் முதல் ஆட்டத்திலேயே தலைவரை வென்ற பெருமை. ஆனால் தப்பான எண்ணைக் காட்டும் பெட்டியின் முன்னால் சும்மா நிற்க அவளுக்கு வரவில்லை.

"எண்ணு இருக்குது சார், எரியலை. வெளிச்சம் கம்மி."

கிஷோர் அவளிடம் குனிந்தார். "கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"கூட்டலாம். ஆனா எல்.இ.டி. ஆயிடுமே சார்."

கிஷோர் தன் மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இருட்டாகக் கிடந்த அந்த முதல் கட்டத்தைப் பார்த்தார்.

"ஆகாது" என்றார்.

"மினிட்ஸ்ல எழுதிக்கட்டுமா?" என்றார் கிளாரன்ஸ்.

"எழுதுங்க."

மெயினை அணைத்தால் புள்ளிகள் போய்விடும். எரியும்போதே திருப்ப வேண்டும். வீணா பெட்டியைத் திறந்து, ஷாக் நெஞ்சு வழியாகப் போகாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் திருப்புளியை உள்ளே விட்டாள். பதினொரு பேரும் கழுத்தை நீட்டி, முதல் தடவையாக, பெட்டிக்குள்ளே பார்த்தார்கள். திருகு வலப்பக்கம் சுழன்றது. நடுக்கம் நின்றது. பழுப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு நெருப்பானது. இடது ஓரத்தில் நாலு துள்ளி எழுந்தது. 4,12,380.

கூடம் அதிர்ந்தது.

"பாரம்பரியம்னா பளிச்சுனுதான் இருக்கும்னு நான் எப்பவும் சொல்லிட்டு வர்றேன்" என்றார் கிஷோர்.

வீணாவுக்கு ஒரு குண்டு மிச்சமிருந்தது. அதை எத்தனை நேரம் ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது. தோள் வலித்தது, நாகேஷ் ஏதோ கத்தினான், எண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின, இரண்டு லட்சத்தைத் தாண்டின. 3,06,720-இல் குண்டு விழுந்தது. தோற்றுவிட்டாள். இத்தனை சந்தோஷமாக அவள் எதிலும் தோற்றதில்லை.

கிஷோர் தன் மதிப்பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளப் போனார். படத்தில் 4, அப்புறம் இருட்டு, அப்புறம் 3 மட்டும் வந்தது. அந்தக் காலத்துப் பலகை எண்களை ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏற்றி அணைக்கும். கண் ஏமாந்து கொடுக்கும், கேமரா கொடுக்காது. இன்னொன்று எடுத்தார். 1, 8. வீடியோ எடுத்தார், கருப்புப் பட்டைகள் ஓடின. "யார்கிட்டயாவது நல்ல ஃபோன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஓரமாக வைத்திருந்த பையைத் தேடிப் போனார்.

"இந்த ஆட்டம் முடிஞ்சுதுல்ல?" என்று வீணா கிளாரன்ஸிடம் கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா. எழுதியாச்சு."

"அப்போ அடுத்தது நீங்க வாங்க."

தொடக்கப் பொத்தானை அமுக்கினாள். 4,12,380 அணைந்தது. அந்த இடத்தில் பளீரென்று பூஜ்யம் எரிய, குண்டு டக்கென்று எழும்பி வந்து அவள் கைக்கருகே நின்றது.