பாதிக் கீபோர்ட்

இன்ஸ்பெக்டர் மேசைமேல் குனிந்து ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தார். தன் பெயரை அடித்துப் பார்க்க நினைத்தார் போலிருக்கிறது. எம் இல்லை. கே இல்லை, எல் இல்லை, ஓ கூட இல்லை. கீபோர்டின் வலது பாதியே அங்கே இல்லை. பழைய கீபோர்ட் ஒன்றை நடுவில் அறுத்து, இடது பாதியை மட்டும் பிஸ்கட் டின் மூடியில் பொருத்தி, அடியில் ஒரு சிப்பை ஒட்டி, சிவப்பும் மஞ்சளுமாகப் பத்துப் பதினைந்து ஒயர்களை இழுத்துவிட்டிருந்தால் அதைக் கீபோர்ட் என்று யார்தான் நம்புவார்கள்? அதுவும் யுத்தம் நடந்த 2007இல், இலங்கை மலைநாட்டில், தமிழ்ப் பையன் ஒருவனுடைய தோட்டத்து லயத்துக் காம்பராவில் கிடைத்ததை? நாகலெட்சுமிக்கே பொலிஸ் ஸ்டேஷன் மேசையில் அதைப் பார்த்தபோது குண்டுபோலத்தான் தெரிந்தது. மூன்று மாதமாக அவள் தினமும் தொட்ட சாமான் அது.

"மே மொகத நங்கி?" இது என்ன தங்கச்சி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கீபோர்ட் எகக் சேர்", ஒரு கீபோர்ட் சேர் என்றாள். நோர்வூட் பஜாருக்குப் போய்வந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதன் பிறகு எல்லாம் சிங்களத்திலேயே நடந்தது.

"கீபோர்ட் என்றால் மற்றப் பாதி எங்கே?"

அவள் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் மட்டும் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது.

மற்ற நான்கு விரல்களும் தோட்டத்தில் தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் போனவை. ஏ லெவல் பாஸாகி, அட்டனுக்குப் போய்க் கம்ப்யூட்டர் டைப்பிங் படித்து முடித்து, வேலை கிடைக்கும்வரை சும்மா ஏன் இருக்க வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனவள். ஏழாவது வாரம் மெசினில் அடைத்த தூளைத் தள்ளிவிடப் போய்க் கையைக் கொடுத்துவிட்டாள். படித்த படிப்பு, பழகிய வேகம், சர்டிபிக்கேட் எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடம் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி யோகேஸ்வரனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் அட்டனில் ரேடியோ, டிவி திருத்தும் கடையில் வேலை செய்தான். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கடையில் யாரோ விட்டுப்போன கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து, சிப்புக்குள் புரோகிராம் எழுதப் பழகினான். அவன் எழுதியது இதுதான்: ஸ்பேஸ் கட்டையைச் சும்மா தட்டினால் இடைவெளி விழும். அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு இடப்பக்க எழுத்து ஒன்றைத் தட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல், அதற்கு நேர் வலப்பக்க எழுத்து விழும். எஃப்பைத் தட்டினால் ஜே. ஈயைத் தட்டினால் ஐ. இடது கை முழுவதும் எழுத்துக்கு, வலது கையில் மிஞ்சிய ஒரே விரல் ஸ்பேஸுக்கு. அந்தக் கட்டைவிரலுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவன் கண்டுபிடித்த அன்று நாகலெட்சுமி அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

ஆனால் லேசில் சரிவரவில்லை. அவள் பழைய வேகத்தில் அடிக்கும்போது, ஸ்பேஸிலிருந்து கட்டைவிரல் எழும்புவதற்குள் அடுத்த எழுத்து விழுந்துவிடும். அவள் இடைவெளி கேட்டாளா, வலப்பக்க எழுத்துக் கேட்டாளா என்று சிப்புக்குத் தெரியாது. 'டீ எஸ்டேட்' என்று இங்கிலிஷில் அடித்தால் இடைவெளியே இல்லாமல், ஈ விழவேண்டிய இடத்தில் ஐ விழுந்து இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேஸை எத்தனை நேரம் பிடித்திருந்தால் அது பிடித்ததாகக் கணக்கு என்பதை அவளுடைய விரலுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கா, ஆறில் ஒரு பங்கா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அடிக்க அடிக்கக் கொப்பியில் குறித்துக்கொண்டே போனான்.

"நான் மெதுவாவே அடிச்சுக்கிறேன்டா. எதுக்கு ஒனக்கு இந்தத் தலவலி?" என்றாள் ஒருநாள்.

"நீ ஒன் வேகத்துக்கு அடிக்கா. ஒனக்குத்தான் மெசின் பழகணும். மெசினுக்கு நீ பழகுனதெல்லாம் போதும்."

கடைசியில், எஸ்கேப் கட்டையோடு ஓர் இலக்கத்தைச் சேர்த்து அழுத்தினால் அந்த நேரம் மாறும்படி செய்தான். ஒன்று முதல் ஐந்து வரை. அவளுக்குப் பொருந்தியது நாலு. நாலு போட்டால் பிழையே வராது. ஒரே ஒரு குறை மிச்சமிருந்தது. ஒயரைக் கழற்றினால் சிப் எல்லாவற்றையும் மறந்து பழையபடி ஒன்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக நாலு போட வேண்டும். அதையும் அடுத்த வாரம் திருத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த அடுத்த வாரத்தில்தான், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கச் சனம் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், பொலிஸ்காரர்கள் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

இன்ஸ்பெக்டர் அந்தக் கொப்பியை அவள் முன்னால் விரித்தார். யோகேஸ்வரன் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எழுதியிருந்தான். டைமர் 180. ட்ரிகர் லேட். டிலே 220, ஓகே. பக்கம் பக்கமாக, திகதி போட்டு, நேரம் போட்டு.

"இதற்கு என்ன சொல்கிறாய்?"

"அது என் விரல், சேர்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று உறைத்தது.

அடித்துக் காட்டச் சொன்னார். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஒரு கான்ஸ்டபிள் ஒயரைச் செருகினார். நாகலெட்சுமி மனத்துக்குள் முருகனைக் கூப்பிட்டாள். எஸ்கேப்பையும் நாலையும் சேர்த்து அழுத்தினாள். இன்ஸ்பெக்டர் தன் பெயரைச் சொன்னார், அடித்தாள். அவர் ஊரைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார், மகளின் பெயரைச் சொன்னார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. கான்ஸ்டபிள்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தம்பியைத் தன் விரல்களால் வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவளுக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் டெலிபோனை எடுத்தார். கதவு திறந்தே இருந்தது. எஸ்டேட் பெட்டைக்குச் சிங்களம் விளங்கும் என்பதை அவர் மறந்துவிட்டார், அல்லது விளங்கினால் என்ன என்று விட்டுவிட்டார்.

"இல்லை சேர், அது வேலை செய்கிறது. அதைத்தான் சொல்கிறேன்" என்றார். "அற்புதமாக வேலை செய்கிறது. டைமர் எல்லாம் தானே எழுதியிருக்கிறான், யாரும் படிப்பிக்கவில்லையாம். பிஸ்கட் டின்னில் இதைச் செய்தவனுக்கு மற்றது எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆமாம், அனுப்புங்கள். வந்து நீங்களே பாருங்கள்."

பிளேன்டீ வந்தது. அவள் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

கூரைப் பீலித் தண்ணீர் சிந்தும் இடத்தில் அப்பா சோலைமலை குடையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் ஓடி வந்தார்.

"என்னாத்தா, நல்லா அடிச்சியா?"

"நல்லா அடிச்சேம்ப்பா."

"பொறகென்ன, விட்டுருவாங்க." அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். காலையிலிருந்து முதல் வாய்.

அவரிடம் என்னவென்று சொல்வது? அவள் உள்ளே திரும்பிப் போனாள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். யூனிபோர்ம் இல்லை. மூத்தவர் கண்ணாடி போட்டிருந்தார், பாடசாலை அதிபர் மாதிரி மெதுவாகப் பேசினார். கீபோர்டைக் கழற்றி, டின் மூடியைத் திருப்பி, சிப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி செருகச் சொன்னார். பின்கட்டிலிருந்து யோகேஸ்வரனைக் கூட்டிவந்தார்கள். ஒரு கண் மூடியே போயிருந்தது. கீழுதடு வெடித்து வீங்கியிருந்தது. கையில் விலங்கு. அக்காவைக் கண்டதும் அந்த உதட்டோடு சிரித்தான்.

"அடி நங்கி" என்றார் இன்ஸ்பெக்டர், தான் வளர்த்த கிளியைப் பேசச் சொல்பவர்போல.

அவள் என்ன செய்வதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். எதுவும் செய்யத் தேவையில்லை. எஸ்கேப்பையும் நாலையும் தொடாமல் விட்டால் போதும். தம்பி ஒரு முட்டாள், குப்பையைக் கூட்டி ஒட்டுகிறவன், கையில் எடுத்த எதையும் உருப்படியாக முடிக்காதவன் என்று இந்தக் கண்ணாடிக்காரர் நினைக்க வேண்டும். முட்டாளை அடித்துத் துரத்திவிடுவார்கள். கெட்டிக்காரனைத்தான் கொண்டுபோவார்கள்.

தன் முழு வேகத்தில் அடித்தாள். சொற்கள் ஒட்டிக்கொண்டு, எழுத்துகள் இடம் மாறி, வாய்க்கு வராத ஏதோ ஒன்று ஸ்க்ரீன் முழுக்க விழுந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. "காலையில் நன்றாக அடித்தாளே சேர்" என்றார். கண்ணாடிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாகலெட்சுமி இன்னொரு வரி அடித்தாள். அது முதல் வரியைவிட மோசமாக வந்தது. கண்ணாடிக்காரர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாலு போடல்லியே நீ!" என்றான் யோகேஸ்வரன்.

அவள் தலை நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒயரக் கழட்டுனாங்கல்ல, அதான். பயப்படாத, மெசின் நல்லாத்தான் இருக்கு."

"பேசாம இருடா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கான்ஸ்டபிள் அவளை அதட்டினார். அவள் கண்ணால் சொன்னாள், தலையை ஆட்டிச் சொன்னாள். அவன் தன்னுடைய ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். பதற்றத்தில் மறந்துவிட்டாள், பாவம் என்று அவன் நினைப்பது அவளுக்கு அப்படியே தெரிந்தது. இந்தக் கீபோர்ட் ஒழுங்காக வேலை செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு நாளாக இருட்டறையில் அவன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த நம்பிக்கையைக் கொடுத்ததும் அவர்களாகத்தான் இருக்கும்.

"சேர்" என்றான், உடைந்த சிங்களத்தில். "சின்னப் பிழை சேர். நான் சரிசெய்கிறேன்."

கண்ணாடிக்காரர் கதவருகில் நின்று திரும்பினார். அவனை மேசைப் பக்கம் விடும்படி கான்ஸ்டபிளுக்குக் கையைக் காட்டினார்.

யோகேஸ்வரன் வந்து அவள் தோளை ஒட்டி நின்றான். அவன் சட்டையில் மூத்திர வாடை அடித்தது. எஸ்கேப்பையும் நாலையும் அழுத்தினான். "இப்ப அடிக்கா."

அவள் இரண்டு கைகளையும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பரவாயில்லை மல்லி, நீயே அடி" என்று தம்பியை அழைப்பதுபோல் அழைத்து, ஒரு நீளமான பெயரைச் சொன்னார்.

அவன் அடித்தான். இடது கை எழுத்துகளில் ஓடியது. வலது கையின் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, அக்காவைப்போலவே கட்டைவிரலை மட்டும் ஸ்பேஸ் கட்டையில் வைத்திருந்தான். எழுத்துகள் பிசகில்லாமல் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பாதிக் கீபோர்ட் என்பதால் கைகளை அகட்ட வேண்டியிருக்கவில்லை, விலங்கு அவனுக்கு இடைஞ்சலாகவே இல்லை.