கேட்கும் முன்பே திறந்த பை

"ஏன் பிள்ளை, பையைத் திறந்து காட்டுறீர்?"

"பாத்துக்கங்க மிஸ்."

"நான் கேக்கேல்லையே."

"கேக்குறதுக்கு முன்னாடி காட்டிடுறது நல்லதுங்க மிஸ்."

முதல் நாள் மாலை நூலக வாசலில் நூலகர் யோகராணிக்கும் வேலைக்கு வந்த மாணவி பூரணிக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். மூன்று வாரம் கழிந்த பிறகும் யோகராணியால் அதை மறக்க முடியவில்லை. கேட்காமலே ஒருத்தி ஏன் பையைக் காட்ட வேண்டும்? பத்து நாள் ஒன்றுமில்லை என்று காட்டி நம்பவைத்துவிட்டு, பதினோராம் நாள் எதையாவது கொண்டு போவதற்கா?

அது எழுபத்தொன்பதாம் ஆண்டின் ஆகஸ்ட் விடுமுறை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் வந்து திரும்பும் அந்தச் சின்ன நகரத்தின் பொது நூலகத்தில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நான்கு வார வேலை இருப்பதாகப் பாடசாலைகளுக்கு அறிவித்தல் போயிருந்தது. கிழிந்த புத்தகங்களை ஒட்டி அட்டை போட வேண்டும். பெயர் அட்டைகள் எழுத வேண்டும். சனிக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். வாரக் கடைசியில் கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள். இரண்டு பேர் தெரிவானார்கள். ஒருத்தி கடைவீதி பேக்கரிக்காரரின் மகள் றோசலின். மற்றவள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த பூரணி.

காசைப் பூரணி அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அவள் வந்த காரணம் வேறு. டிசம்பரில் அவளுக்கு அரசாங்கத்தின் சாதாரண தரச் சோதனை. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரும் இல்லை, புத்தகமும் இல்லை. நூலகத்தில் இரண்டும் சேர்ந்தாற்போல, படங்களோடு விளக்கம் சொல்லும் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஆனால் இரவல் எடுக்க அங்கத்துவ அட்டை வேண்டும். அட்டைக்கு, நகரத்தில் வரி கட்டுபவரோ அரசாங்க உத்தியோகத்தரோ பிணை நின்று கையெழுத்திட வேண்டும். லயத்தில் யார் வரி கட்டுகிறார்கள்? தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு நகரத்தில் சொந்த வீடு உண்டு. அவரிடம் போய்க் கேட்டாள். "புஸ்தகம் தொலைஞ்சா நானா கட்டுறது? போ போ, அம்மாகூட தேயிலை ஸ்டோருக்குப் போகப் பழகு" என்று அனுப்பிவிட்டார்.

யோகராணி மிஸ் அரசாங்க உத்தியோகத்தர். தன் வேலையைப் பார்த்த பிறகு கேட்டால் மறுக்கமாட்டார் என்று பூரணி நினைத்தாள். ஒவ்வொரு நாளும் கேட்க வாயெடுப்பாள். யோகராணியின் பார்வை அவள் பைமேல் போய் நிற்கும். வார்த்தை உள்ளேயே நின்றுவிடும்.

கடைசி வாரத் திங்கட்கிழமை பட்டியல் இடாப்பை வைத்துப் புத்தகங்களைச் சரிபார்த்தபோது மூன்றைக் காணவில்லை. ஒன்று மனித உடலைப் பற்றியது, ஒன்று வானத்தைப் பற்றியது, மற்றது செடிகொடிகளைப் பற்றியது. மூன்றுக்கும் அட்டை போட்டவள் பூரணி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அவற்றை விரித்து வைத்துக்கொண்டிருந்ததை யோகராணி தன் கண்ணாலேயே கண்டிருந்தார். இரவல் பதிவில் அவற்றின் பெயரே இல்லை.

அன்று மாலையிலிருந்து, பூரணி காட்டும்வரை யோகராணி காத்திருக்கவில்லை. பையைத் தானே வாங்கிக் கைவிட்டுத் துழாவினார். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையும் திறந்தார்.

"மிஸ், ரொட்டிக்குள்ளேயா வானத்தை மடிச்சு வச்சிருப்பா?" என்று றோசலின் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவள் பை தோளிலேயே தொங்கியது. அதை யாரும் கேட்கவில்லை.

வியாழன் மாலை யோகராணி சொன்னார்: "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இல்லாட்டி நான் மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும்."

லயத்தில் அம்மா வேலாயிக்கு முதலிலிருந்தே இந்த வேலையின்மேல் நம்பிக்கையில்லை. "புஸ்தகத்துக்கு அட்ட போட எவன்டி காசு குடுப்பான்? என்னமோ இருக்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தவள், இப்போது மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எடுத்தியா?"

"இல்லம்மா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"உனக்குமா என்மேல சந்தேகம்?"

வேலாயி கையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் பேரை, அதற்கான கூலியை, விட்டுவிட்டு, வெளுத்த சேலையொன்றை உடுத்திக்கொண்டு வந்தாள். நூலகத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நீர்தானே தாய்?" என்றார் யோகராணி. "மூண்டு புத்தகம் இல்லை. நான்தான் பதில் சொல்ல வேணும். இந்தப் பிள்ளை எடுத்தவ எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் ஒண்டு கேக்கிறன். முதல் நாளே, நான் கேக்காமல், இவ பையைத் திறந்து காட்டினவ. மனசில ஒண்டும் இல்லாத பிள்ளை ஏன் அப்பிடிச் செய்யுது?"

வேலாயி ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு மகளின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, அப்பிடியா செஞ்ச? இது என்ன ஸ்டோராடி, லூசு?"

"பின்ன எப்பிடிம்மா வாறது?" என்றாள் பூரணி மெதுவாக.

வேலாயிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"மிஸ், தேயிலை அரைக்கிற ஸ்டோருல நான் பத்தொம்பது வருசமா தூள் சலிக்கிறேன். வேல முடிஞ்சா வாசல்ல வாச்சர் நிப்பாரு. அவரு கேக்க மாட்டாரு. நாங்களே முந்தானைய விரிச்சி, மடிய உதறிக் காட்டிட்டுத்தான் வெளிய வரணும். ஒரு சிட்டிக தூளு ஒட்டியிருந்தாலும் அன்னைக்குப் பேரு போயிரும். இவ சின்னப்புள்ளையில வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே வளந்தவ. வேல செஞ்ச எடத்த விட்டு வாறதுன்னா இப்பிடித்தான்னு நெனச்சிருக்கா. அவளுக்கு இதுதானே மொத வேல?"

யோகராணியின் முகம் சுண்டியது. நான்கு வாரமாகக் களவின் அடையாளம் என்று தான் பொத்தி வைத்திருந்தது, ஒரு கூலித் தொழிலாளியின் மகள் கற்றுக்கொண்ட மரியாதை.

மேசைமேல் தொப்பென்று ஏதோ விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த றோசலினின் பை.

"என்னோடதையும் பாருங்க மிஸ். நானும் இங்கதானே வேல செஞ்சேன்? ஒருநாளும் பாக்கலையே."

யோகராணி அதைத் தொடவில்லை. வேலாயிதான் பேசினாள். "ஸ்டோருல தூளு கொறஞ்சா, அங்க பெரியவரு டீமேக்கர் ஐயா மொதல்ல ஒண்ணுதான் கேப்பாரு. கடைசியா அத யாரு கையில பாத்தேன்னு. நீங்க அந்தப் புஸ்தகங்கள கடைசியா யாரு கையில மிஸ் பாத்தீங்க?"

"இவ கையிலதான். சாப்பாட்டு நேரத்தில..." என்று தொடங்கிய யோகராணி நிறுத்தினார். பூரணியின் கையில் பார்த்தது முதல் வாரம். அதன் பிறகு?

அதன் பிறகு ஒரு மழைநாள். பெரிய கிளாக்கரின் மனைவி மார்கிரட் குடையை மடக்கியபடி வந்தது நினைவுக்கு வந்தது. மகள் விடுதிப் பாடசாலையில் படிக்கிறாள், லீவு முடியுமுன் விஞ்ஞானப் புத்தகம் ஏதாவது வேண்டும் என்றார். மழையில் நனையாமல் அந்த மூன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தது யார்? "இருக்கட்டும் மிஸிஸ், பிறகு பதியலாம்" என்று சொன்னது யார்?

இதைச் சொல்லாமலும் விட்டுவிடலாம். மார்கிரட் புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவருவார். தேடியதில் கிடைத்துவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம். யோகராணி மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, மூன்று புத்தகங்களின் பெயரையும் எழுதி, அவற்றுக்கு நேரே மார்கிரட்டின் பெயரை எழுதினார்.

"நான்தான் குடுத்தனான்," என்றார். "பெரிய கிளாக்கர் வீட்டுக்கு. பதியேல்லை. ஒரு கையெழுத்துக் கேக்க எனக்கு வெக்கமாயிருந்தது."

வேலாயி மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள். "வெக்கம்," என்றாள். "எம்மகளோட சோத்துப் பெட்டியத் தொறக்க இல்லாத வெக்கம்."

"ஓம் அம்மா. நீங்கள் சொல்லுறது சரி." யோகராணி எழுந்து நின்றார். நீர் என்றது நீங்களாக மாறியதை அவரே கவனிக்கவில்லை. "வசதியான ஆக்களை நம்பிறதுக்கு நாங்கள் ஒரு அத்தாட்சியும் கேக்கிறேல்லை. லயத்துப் பிள்ளை எத்தினை தரம் பையைத் திறந்து காட்டினாலும் நம்பிறேல்லை. ஆரின்ர பொருள் காணாமல் போனாலும், ஏழையின்ர பையிலதான் முதல்ல கை வைக்கிறம். அது பெரிய அநியாயம். படிச்ச நானும் அதைத்தான் செய்தனான். பூரணி, என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

பூரணி தலையசைத்தாள். கோபம் போகவில்லை. இன்று வேலை முடிகிறது. திங்கட்கிழமை பாடசாலை தொடங்கிவிடும். பிறகு இந்த வாசலுக்குள் வருவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

"வா புள்ள, போவோம். பஸ் போயிரும்," என்றாள் வேலாயி.

"இரும்மா."

அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பை தோளில்தான் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை.

"மிஸ், நாலு வாரமா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். டிசம்பர்ல எனக்குச் சோதனை. எங்க லயத்துல வரி கட்டுறவங்க யாரும் இல்ல. எனக்கும் இங்க புஸ்தகம் எடுக்கணும்." குரல் ஒருமுறை நடுங்கி நிதானப்பட்டது. "எனக்கு நீங்க பிணை நிப்பீங்களா?"