ஓக்ரியோனின் பன்னிரண்டு கட்டங்கள்

தென்கொரியாவின் மோக்போ துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் எடைபோடும் ப்யோ ஜுன்தே தன் மனைவி ஓக்ரியோனின் படத்தை இணையத்தில் ஏற்றிய அன்று, அவள் இடது கன்னத்து மச்சம் காணாமல்போனது. 2004, அக்டோபர் பதினொன்று. அவளுக்கு அன்று நாற்பதாவது பிறந்தநாள். பிறந்தநாள் வழக்கப்படி கடற்பாசிச் சூப் குடித்துவிட்டுப் படகுத்துறையில் நின்று அவள் சிரித்த படம் அது. இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றது தளம். படத்தின் அளவைச் சுருக்கித்தான் வைப்போம் என்பதை எறும்புக்கும் கண் வலிக்கும் எழுத்தில் போட்டிருந்தது. மனுஷன் நம்பிவிட்டார். இனிப் பத்திரம் என்று கேமராவில் இருந்ததை அழித்தார். "என் மச்சத்த எங்கங்க வச்சீங்க?" என்று அவள் கண்ணாடி முன் நின்று கேட்டாள். தலையணைக்கு அடியில்கூடத் தேடிப் பார்த்தார்.

மூன்று வருஷத்தில் அந்தத் தளத்தை மூடினார்கள். படத்தை இறக்கி வேறொன்றில் ஏற்றினார். அதுவும் சுருக்கியது, இமை முடிகள் போயின. அடுத்த தளம் நெற்றிச் சுருக்கங்களை வழித்தெடுத்தபோது ஏலக்கூடத்துப் பெண்கள் என்ன க்ரீம் பூசுகிறாய் என்று துளைத்தெடுத்தார்கள். ஓக்ரியோனும் ஒரு வாரம் மிதப்பாகத் திரிந்தாள். நான்காவதில் கன்னம் கட்டங்கட்டமாக உடைந்தது. புதிதாக எடுத்த படங்களிலும் அதே கட்டங்கள்தான் விழுந்தன. மருத்துவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார். படம் தொலைந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் ஒவ்வொரு முறையும் மாற்றினார். அந்தப் பதைப்புதான் அவளைத் தின்றது. இது ஜுன்தேயின் மண்டையில் ஏறியபோது அவள் முகத்தில் பன்னிரண்டு கட்டங்களே மிச்சம்.

ஸ்டூடியோக்காரர் குக் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். "போனது போனதுதான் அண்ணே. மெஷின் வேணா யூகிச்சுப் போடும்." போட்டது. மறுநாள் காலை ஜுன்தேயின் பக்கத்துப் படுக்கையில் மான்விழியும் கூர்மூக்குமாக ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கா. ஆனா இது யாருங்க?" என்றாள். "அந்தக் கட்டத்தையே குடுத்துருங்க. அதுலயாவது கொஞ்சம் நான் இருக்கேன்."

அவர் அழுதுகொண்டே யூகப் படத்தை அழித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா வந்து ஓக்ரியோன் இறந்தாள். கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள் பன்னிரண்டு கட்டங்களை வைத்தார்கள். வந்தவர்கள் முறைப்படி இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். வெளிநாட்டு உறவினர்கள் பார்க்கட்டுமே என்று மகள் சொல்ஹீ அதைக் கைபேசியில் எடுத்து அஞ்சலிப் பக்கத்தில் ஏற்றினாள். வேண்டாம் என்று ஜுன்தே ஓடிவருவதற்குள் ஏறிவிட்டது. சட்டத்துக்குள் ஒரே ஒரு சதுரம் நின்றது, சாம்பல் நிறத்தில்.

அவர் மகளைத் திட்டவில்லை. அவர் செய்ததையேதான் அவளும் செய்திருந்தாள். ஒவ்வொரு அக்டோபர் பதினொன்றும் அந்தச் சதுரத்துக்கு முன்னால் கடற்பாசிச் சூப் வைக்கிறார், அது ஆறிப்போவதற்குள் அவள் குடிக்க வேண்டுமே என்பதுதான் இப்போது அவருடைய கவலை.