ரோட்டுக்குக் கீழே ஒரு வீடு

பூங்கனி கொட்டாரம் ஊர்ப்பக்கமுள்ள இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, ரோட்டிலிருந்து படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது படி இறங்க வேண்டியதாகிவிட்டது. போன ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் அடுக்களைக்குள் புகுந்து அரிசிப் பானையை மிதக்கவிட்டது.

அதனால்தான் இந்தக் கோடையில் மண்ணடித்துத் தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டார்கள். வீடு பளபளத்தது. ஆனால் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. கை தட்டுகிறதென்று ஃபேனையும் கழற்றி வைத்தாயிற்று.

டைல்ஸ் பதித்த சிமெண்டின் ஈரம்கூடக் காயவில்லை, தெருவில் ஜல்லி லாரி வந்து நின்றது.

"பழைய ரோட்டச் சொரண்டிட்டுப் போட்டா ஒங்க கையில கெடக்க வளையல் ஒடஞ்சிருமோ?" என்று பூங்கனி கத்தினாள்.

லாரியோடு வந்த ரோட்டு மேஸ்திரி சிரித்தான். "மேல போடத்தான் சொல்லியிருக்காவ அக்கா. புது ரோடு வருது, சந்தோசப்படுங்க."

பூங்கனி வீட்டுக்குள் திரும்பினாள். கணவர் சத்தியநேசன் புதுத் தரையின் நடுவில் நின்று கையை உயர்த்தி, விரல் நுனிக்கும் கூரைக்கும் நடுவே இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.