இரண்டு முழ நூல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவள் நான்தான். புகைப்படக் கண்காட்சியில் ஒரு படத்துக்குக் கீழே ஒட்ட, எடுத்தவரைப் பற்றி நான்கு வரி அட்டை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்: "கார்குழலியின் உலகம் இருளானது. அந்த இருளுக்குள்ளிருந்து அவர் —"

போதும். மிச்சத்தை எழுதக் கை கூசுகிறது. [அன்று கூசவில்லை.]

2

முதல் தொடக்கம்: "காலை ஆறு மணி. பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கம் இன்னும் இருள் —"

பாருங்கள், மறுபடியும் இருள்! சனியன் பிடித்த சொல், விட்டுத் தொலைகிறதா?

இரண்டாவது தொடக்கம் கார்குழலியே தந்தது. என் அட்டை அவளுக்கு வாட்ஸப்பில் போயிருக்கிறது. அவள் போன் அதை உரக்க வாசித்திருக்கிறது. உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"இருட்டுன்னு எவன் சொன்னான் ஒனக்கு? வெளிச்சந்தான்க்கா எனக்குத் தொல்ல. நேரா பாத்தா நடுவுல ஒரு கறை. ஓரத்துல தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

நான் கேட்கவில்லை. அவளைப் பற்றித் தெரியாமலே எழுத முடிந்தது, எழுதிவிட்டேன்.

3

அவள் எப்படிப் படமெடுக்கிறாள் என்று பிறகுதான் போய்ப் பார்த்தேன். கேமராவில் ஒரு நூல் கட்டியிருக்கிறாள். பூக்காரி அளப்பதுபோல முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து, இரண்டு முழம். அந்தத் தூரத்தில் தெளிவாக விழும்படி லென்ஸைத் திருப்பி, அசையாமல் டேப் ஒட்டியிருக்கிறாள். வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரி செல்வாம்பாள் நூலின் நுனியைத் தன் புருவத்தில் வைக்கிறாள்.

"புடிச்சிக்கினேன். நூலு வெறப்பா இருக்குதா பாரு."

"இருக்குது, உடு."

விட்டதும் க்ளிக். கார்குழலி எங்கோ பராக்குப் பார்ப்பவள்போல நிற்கிறாள், ஓரக்கண்ணால்தான் பார்க்கிறாள். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கி விரற்கடை விரற்கடையாகத் தேடுவாள். செல்வாம்பாளின் புருவத்தில் ஒட்டிய மீன் செதில் தெரிந்தால்தான் படம் தேறும்.

ஒரு வருஷம் எடுத்தாள். செதில் தெரிந்தது. அந்தப் படம் சுவரில் இல்லை.

4

சுவரில் இருப்பது வேறொன்று. யாரோ கூடையோடு அவளை இடித்துக்கொண்டு போனபோது தானாகப் பதிந்தது. செல்வாம்பாள் அதில் வெறும் புகை. அழிக்க மறந்துபோன அந்தப் படத்தைத்தான் கண்காட்சி நடத்தும் ரஃபாயேல் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஃப்ளூதான் மதாம் அழகு!"*

"ஃப்ளூவா? யாருக்குங்க?"

* பிரெஞ்சில் ஃப்ளூ என்றால் மங்கல். கார்குழலி காய்ச்சல் என்று நினைத்தாள். [இந்த இடத்தில் உங்களைச் சிரிக்கவைக்க நினைத்தேன். விளங்கியபோது அவள் சிரிக்கவில்லை.]

"நீங்க பாக்குற மாதிரியே இருக்குது. ஜனங்க அதத்தான் பாக்க வருவாங்க. அந்தத் தெளிவான படத்த யாரு வேணாலும் எடுக்கலாமே!"

அட கடவுளே! யார் வேண்டுமானாலும் எடுக்கிற படத்தை எடுக்கத்தானே ஐயா அவள் ஒரு வருஷம் நூல் பிடித்தாள்?

ரஃபாயேல் கெட்டவர் இல்லை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளைக் கைப்பிடித்துப் படியேற்றினார், காபி வாங்கித் தந்தார், அன்பாகப் — பத்தியையே அடித்துவிட்டேன். அவர் அன்புதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

5

முடிவு அ: கார்குழலி அந்தப் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி உடைக்கிறாள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "சினிமாவாக்கா இது? கண்ணாடி யாரு கால்ல குத்துறதுக்கு?"

முடிவு ஆ: ரஃபாயேல் மனம் திருந்தி — அடச்சீ.

முடிவு இ நேற்று நிஜமாகவே நடந்தது. செதில் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள்.

"எழுதுனது நீதானே? நீயே மாத்து. அதக் கழட்டிட்டு இத மாட்டு. முடியலன்னா எம் பேர எடுத்துடு. அந்தப் புகைக்குக் கீழ எம் பேரு இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

6

இப்போது மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குத் திறப்பு. செதில் படம் என் கக்கத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் புகை, கீழே என் நான்கு வரி. ரஃபாயேல் உங்களை வரவேற்க வாசலுக்குப் போயிருக்கிறார்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் கதை என் வீரத்தைப் பற்றியதாகிவிடும், அல்லது என் கோழைத்தனத்தைப் பற்றியதாக. அவள் படத்தை ஒருமுறை என் அட்டையால் நான் மறைத்தது போதும்.

நீங்கள் உள்ளே வருகிறீர்கள் என்று வையுங்கள். சுவரில் ஒரு மீன்காரி, புருவத்தில் செதில், தெளிவான படம். கீழே கார்குழலி என்று பெயர் மட்டும். எடுத்தவளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நின்று பார்ப்பீர்களா?

பொய் மட்டும் வேண்டாம். அதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.